தேள் படம் போட்ட ராக்கெட்

"மேடம் அவங்க அனுபவத்தைச் சொல்வாங்க, எல்லாரும் கவனமாக் கேளுங்க" என்று உங்கள் மேனேஜர் சொன்னபோது உங்களில் இரண்டு பேர் கைபேசியைப் பையில் வைத்தீர்கள். மற்றவர்கள் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். பரவாயில்லை. நானும் மேசைக்கு அடியில் முறுக்கை வைத்துக்கொண்டு முதலாளி பேசுவதைக் கேட்டவள்தான்.

எந்தப் பசை ஒட்டும், எந்தப் பெயிண்ட் உரியும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் 3டி பிரிண்டர் எந்திரம் நீங்கள் தூங்கும்போதே ராக்கெட்டை அச்சடித்து வைத்துவிடுகிறது. ஆனால் அதை வாங்க வருகிற ஆளின் முகத்தைப் பார்த்து, எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று முடிவெடுக்க அந்த எந்திரத்துக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், போல்ட்டு நட்டு செய்கிற பட்டறைக்கும் பழைய டயருக்குப் புது ரப்பர் போடுகிற கடைக்கும் நடுவில் இருந்தது எங்கள் கொட்டகை. கண்காட்சிகளில் வைப்பதற்கு மாதிரிகள் செய்துகொடுப்போம். குறுக்கே வெட்டிக் காட்டிய பம்புசெட், பாதி திறந்த பாய்லர், வெள்ளானூர்ப் பக்கம் மனை விற்கிறவர்களுக்கு ஸ்பாஞ்சில் மரம் வைத்த குடியிருப்பு. அந்தக் குடியிருப்புகளில் சில, எங்கள் மேசையைத் தாண்டி எங்கும் கட்டப்படவே இல்லை.

ராக்கெட் எங்கள் முதலாளியின் வாய் வழியாக வந்தது. யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் "முடியும் சார்" என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் ஒருவர் வந்து "ராக்கெட்..." என்று ஆரம்பித்தார். "முடியும் சார்" என்றார் முதலாளி. அந்த மனிதர் கேட்க வந்தது தீபாவளிப் பட்டாசுக் கடைக்கு ஒரு விளம்பரப் பலகை. அது தெரிவதற்குள் முதலாளி உலகத்தின் முதல் ராக்கெட்டில் ஆரம்பித்து நிலவு வரைக்கும் போய்விட்டார். வந்தவரும் மயங்கிப்போய் உலகப் போரில் பறந்த வி-2 ராக்கெட்டின் மாதிரிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ராக்கெட் செய்கிற இடம் என்றால் நாங்கள்தான்.

கொட்டகையில் வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர். லேத்தில் முனுசாமி. ஆவடிக்கு அந்தப் பக்கம் வெள்ளானூர்க்காரர். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவர் லேத்துக்கு வந்து, அந்த எந்திரத்தைத் தன் சொந்த மாடு மாதிரி திட்டிக்கொண்டும் தட்டிக்கொண்டும் வேலை வாங்குவார். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. பெயிண்டும் நுணுக்க வேலையும் நான். ஆவடியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவேன்.

ஐயப்பன்தாங்கலில் ஒரு பெரியவர். வரவேற்பறையில் வைக்க, முதல் மனிதனை விண்வெளிக்குக் கொண்டுபோன வோஸ்டாக் ராக்கெட் கேட்டார். செய்து கொண்டுபோனோம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "ஜன்னல் எங்கே?" என்றார். இந்த ராக்கெட்டுக்கு வெளியே ஜன்னல் தெரியாது என்று சொன்னேன். "அப்ப உள்ளே இருக்கிறவன் எப்படிம்மா மூச்சு விடுவான்?" என்றார். விளக்கினேன். படம் காட்டினேன். அவர் கேட்பதாக இல்லை. வரிசையாக ஆறு ஜன்னல், முடிந்தால் திரைச்சீலையோடு வேண்டும் என்றார். என் வேலையில் நான் ஜன்னல் வைப்பதா என்று எனக்குக் கோபம். முனுசாமி காதருகில் வந்து, "பின்னாடி கீற பக்கம் சுவத்த பாத்துகினுதானே நிக்கும்? அங்க வெச்சுடு" என்றார். வைத்தேன். முன்பக்கம் சரித்திரம், பின்பக்கம் ஜன்னல். சில மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். ராக்கெட்டைத் திருப்பி வைத்திருந்தார், ஜன்னல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. ஆனால் விஷயம் தெரிந்த விருந்தாளி வரும்போது மட்டும் மறுபடி திருப்பிவிடுவாராம். அவர் மனைவி சொன்னார். அந்த வீட்டில் எங்கள் வேலைக்கு இரண்டு விதமாகவும் பாராட்டு கிடைத்தது.

சரி, சொல்ல வந்தது இது இல்லை.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் கூடம் ஒன்று கட்டினார்கள். அதன் நடுவில் வைக்க, நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுபோன சாட்டர்ன் ராக்கெட்டின் மாதிரி வேண்டும் என்று சிஸ்டர் பிலோமினா வந்து கேட்டார். அந்தப் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியையும் அவர்தான், தலைமையாசிரியையும் அவர்தான். அசலில் அறுபதில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஆறடி உயரம்.

அந்த ராக்கெட்டில் நான் மூன்று மாதம் குடியிருந்தேன். உடம்பில் நெளிநெளியாக ஓடும் தகட்டு வரிகளுக்காகத் தையல் நூலை ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டினேன். உச்சியில், ஆபத்து வந்தால் வீரர்களைப் பிய்த்துக்கொண்டு பறப்பதற்கென்று ஒரு கம்பிக் கோபுரம் உண்டு. அதைப் பழைய குடைக்கம்பியில் கட்டினேன். அடியில் இருக்கும் ஐந்து எஞ்சின்களையும் முனுசாமி அலுமினியத்தில் கோயில் மணி மாதிரி கடைந்துகொடுத்தார். கறுப்புப் பட்டை எங்கே வரவேண்டும் என்பதில் என்னிடம் இருந்த இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று சண்டை. ஒரு படத்தில் இருந்தது ஏவுதளத்தில் நிறுத்தி அளவு பார்ப்பதற்காகச் செய்த ராக்கெட், அது பறக்கவே இல்லை என்று கண்டுபிடித்தபோது எனக்கு ஏதோ கொலைகாரனைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

அந்தச் சமயத்தில் ஒரு சினிமா கம்பெனி ஆள் கொட்டகைக்குள் வந்தார். என் ராக்கெட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இதே மாதிரி ஒண்ணு வேணும். வில்லனோட ராக்கெட். முதல்ல துண்டு துண்டாப் பிரியணும், அப்புறம் வெடிக்க..."

"முடியும் சார்" என்றார் முதலாளி.

அதை முனுசாமி தெர்மாகோலிலும் சார்ட் பேப்பரிலும் செய்தார். நான்கு துண்டு. துண்டுக்குத் துண்டு மூங்கில் குச்சி. எல்லாக் குச்சியையும் கோர்த்து ஒரு மீன்பிடி நரம்பு. தூரத்தில் நின்று இழுத்தால் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழும். வெடிமருந்தை அவர்கள் ஆளே அங்கே வைத்துக்கொள்வார். காற்றில் சாயாமல் இருக்க அடியில் ஒரு மூட்டை மணல். அடித்துண்டில் வில்லனின் சின்னம், சிவப்பில் ஒரு தேள். அதையும் முனுசாமியே வரைந்தார்.

"நண்டாண்ணே?" என்று கேட்டேன்.

"தேளும்மா. கொடுக்கு தெரில? கண்ணு இன்னா கைல கீதா?"

இரண்டு ராக்கெட்டும் ஒரே நாளில் போகவேண்டியதாக அமைந்தது. இரண்டுக்கும் ஒரே அளவில் பலகைப் பெட்டி. முந்தின நாள் சாயந்திரம் நாங்கள் கிளம்பிய பிறகு, குழப்பம் வரக்கூடாது என்று முதலாளியே கரித்துண்டை எடுத்து அடையாளம் போட்டிருக்கிறார். ஸ்கூல் பெட்டியில் ஆங்கில எழுத்து எஸ். ஷூட்டிங் பெட்டியிலும் எஸ். அடியில் ஒரு கோடு வேறு.

மறுநாள் காலை நானும் முனுசாமியும் நேராகப் பள்ளிக்கே போய்விட்டோம். டெம்போ வந்தது. பெட்டியைக் கூடத்துக்குள் இறக்கி, சிஸ்டர் அந்தப் பக்கம் போன நேரத்தில் மூடியைத் திறந்தோம். தேள் என்னைப் பார்த்தது.

முனுசாமி மெதுவாக மூடியைத் திரும்ப வைத்தார். "ரெஜினாம்மா, இப்ப நீ ஒண்ணும் பாக்கல" என்றார்.

அலுவலக அறைக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டேன்.

"சார், பெட்டி மாறிடுச்சு."

"மாறாதும்மா. நான்தான் எழுதிவெச்சேனே."

"என்ன எழுதினீங்க?"

"எஸ்."

"இன்னொரு பெட்டியில?"

லேத் ஓடாத கொட்டகையின் அமைதி எனக்குப் போனில் கேட்டது. பிறகு சொன்னார்: "ஏம்மா, ஷூட்டிங்கும் எஸ்லதானே ஆரம்பிக்குது?"

சினிமாக்காரர்கள் காலையிலேயே அவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். இடம் பூந்தமல்லியைத் தாண்டி, செங்கல் சூளைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல். அங்கே போன் கிடையாது. மதியத்துக்குள் வெடிக்கிற காட்சி. இங்கே பள்ளியில் பத்தரை மணிக்கு விழா. ராக்கெட் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சிறப்பு விருந்தினர். வேறு யாராவது வந்திருந்தால்கூடத் தேளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

நானும் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அவர்கள் முன்னால் பொய் சொல்ல எனக்கு வராது. பாதி உண்மை சொல்ல நன்றாக வரும்.

"சிஸ்டர், ராக்கெட்டை நிறுத்திட்டோம். பட்டுத்துணி போட்டு மூடிவெச்சிடறோம். ஒரு பாகம் மட்டும் பூந்தமல்லியில மாட்டிக்கிச்சு. எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் துணியை எடுக்கவேண்டாம்."

"சின்னப் பாகமா, பெரிய பாகமா?"

"பார்த்தா தெரியற பாகம் சிஸ்டர்."

கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போயிட்டு வா" என்றார். அந்தப் பார்வையில், எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

தேள் ராக்கெட்டைப் பீடத்தில் நிறுத்தி, துணியைப் போர்த்தி, முனுசாமியைக் காவல் வைத்துவிட்டு டெம்போவில் ஏறினேன்.

பொட்டலில் போய் இறங்கியபோது என் ராக்கெட் ஒரு மண்மேட்டில் வெயிலில் பளபளவென்று நின்றது. அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகத் திறந்த வானத்தின் கீழே பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. அதன் இடுப்பைச் சுற்றிக் காகிதப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டிருந்தார் வெடிக்காரர். அவருக்கு ஒரு பக்கத்துப் புருவம் பாதிதான் இருந்தது.

டைரக்டரிடம் ஓடினேன். தொப்பி போட்ட மனிதர். கோபம் வந்தாலும் மரியாதையாகவே பேசுகிறவர்.

"சார், பெட்டி மாறிப்போச்சு. அது ஸ்கூலுக்குச் செஞ்ச ராக்கெட்."

"அப்படியா? அதான் பார்த்தேன், சொன்னதைவிட நல்லா இருக்கேன்னு. இழுக்கற நரம்பு மட்டும் காணோம். பரவாயில்லைம்மா, நேரா வெடிச்சிடலாம்."

"மூணு மாசம் வேலை செஞ்சிருக்கேன் சார்."

"தெரியுதும்மா. அதனாலதான் வெடிக்கும்போது நல்லா இருக்கும்."

இதை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உங்கள் வேலையை ஒருவர் உடைக்கப்போகும்போது, நீங்கள் பட்ட கஷ்டத்தை அவரிடம் சொல்லிப் பயனே இல்லை. அவருக்கு அது உடைப்பதற்கு இன்னொரு காரணம். நான் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, கூல்டிரிங்க் கொடுத்து, என் கண்முன்னாலேயே வெடித்திருப்பார். அவருக்கு இதில் என்ன கவலை இருக்கும் என்று யோசித்தேன்.

"சார், வெடிங்க. ஆனா இது பிரியாது" என்றேன்.

"என்னம்மா?"

"உள்ளே முழுக்கக் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய். அடியில அலுமினியம். நீங்க எவ்வளவு மருந்து வெச்சாலும் ஒரு புகை வரும், அப்படியே தென்னைமரம் மாதிரி சாயும். ஹீரோ எந்தப் பக்கம் நிக்கறார்?"

டைரக்டர் வெடிக்காரரைப் பார்த்தார். அவர் ராக்கெட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா சார். அந்தம்மா சொல்றது கரீட்டு. சாஞ்சா பரவால்ல, எகிறுச்சுன்னா பேஜாரு. கீழ கீற அலுமினியம் பிச்சுகினு வந்து யார் மேலயாவது வுயும். இதுக்கு நான் பத்தவெக்க மாட்டேன். எனக்கு மீதி கீற புருவம் வோணும்."

டைரக்டர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எனக்கு வெடிக்கிற ராக்கெட் வரணும். இல்லைன்னா உங்க முதலாளியைத்தான் மேட்டுல நிறுத்துவேன்."

"முடியும் சார்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலும் வந்துவிட்டது.

"ஆனா இதை வெச்சு இப்ப குளோசப் எடுத்துக்கறேன். இவ்வளவு அழகை விட்டுட முடியாதும்மா."

மருந்துப் பொட்டலங்களை முதலில் அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு சூரியனை ஒரு மேகம் மறைத்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஆவடியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மேகம் போனதும் அடியில் சாம்பிராணி போட்டுப் புகை விட்டார்கள். ராக்கெட் கிளம்பப்போகிற மாதிரியே இருந்தது. எடுத்து முடித்ததும், எஞ்சின்களில் படிந்த கரியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, டெம்போவின் பின்பக்கம் ஏறி ராக்கெட்டைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துகொண்டேன். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எருமைகள் சாலையை மறித்தன. ஆரன் அடித்த டிரைவரை ஒரு எருமை திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. நான் தெரிந்த புனிதர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன்.

பள்ளி வாசலில் இறங்கும்போதே உள்ளே கைதட்டல் கேட்டது. நேரம் தாண்டிவிட்டது. கூடத்து வாசலில் முனுசாமி, ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பன்.

"என்னண்ணே ஆச்சு?"

"குந்து, சொல்றேன். அந்தப் பெரிய மனுசன் சீக்கிரமே வந்துட்டாரு. சிஸ்டரு என்னப் பாத்தாங்க, நான் மேல ஓடுற ஃபேனப் பாத்தேன். பசங்கள ரெண்டாம் வாட்டி டான்ஸ் ஆட வெச்சாங்க. சாமி பாட்டு மறுக்காப் பாடுச்சுங்க. எவ்ளோ நேரம் டபாய்க்க முடியும்? அப்பால அவரே எயுந்து போயி துணியப் புட்ச்சி இஸ்தாரு."

"தேளைப் பார்த்துட்டாரா?"

"தேளு எங்க பாத்தாரு? நம்ம நரம்பு போயி துணில குத்தன ஊக்குல மாட்டிகினு கீது. அவரு துணிய இஸ்க்க, குச்சி பூரா கழண்டுச்சு. மொதல்ல கொண்ட வுயுந்துச்சு. அப்பால தலை. அப்பால உடம்பு. ஒண்ணொண்ணா, டொக்கு, டொக்கு, டொக்குன்னு. மண்ணு மூட்டையோட அடி மட்டும் நிக்குது, அதுல தேளு."

"ஐயோ, அப்புறம்?" என்றேன்.

"சொம்மா சொல்லக்கூடாது ரெஜினாம்மா, அந்த சிஸ்டரு சிஸ்டருதான். ஒரு செகண்டு. டக்குனு மைக்கப் புட்ச்சி, 'மாணவிகளே, ராக்கெட் இப்படித்தான் பகுதி பகுதியாகப் பிரியும்'னாங்க பாரு! கூடமே கை தட்டுச்சு. ஒரு பொண்ணு மட்டும் எயுந்து, 'சிஸ்டர், அடியிலேர்ந்துதானே பிரியணும்'னு கேட்டுச்சு. 'அது மேலே போகும்போது. இது கீழே வரும்போது. உட்கார்'னாங்க."

"விருந்தினர் என்ன சொன்னார்?"

"அவரு மொதல்ல மெர்சலாயிட்டாரு. அப்பால சிரிக்க ஆரம்பிச்சவருதான், கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. 'ராக்கெட்னா முதல் தடவை இப்படித்தாம்மா ஆகும்'னாரு. தேளு இன்னான்னு கேட்டாரு. அது விருச்சிக நட்சத்திரக் கூட்டம், ராக்கெட் போற திசையக் காட்டுதுன்னு சிஸ்டரு சொன்னாங்க. அவரும் 'ஆமா ஆமா'ன்னு தலையாட்டிகினாரு."

விருந்தினர் கிளம்பிப் போனதும், நானும் முனுசாமியும் என் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனோம். பீடத்தைச் சுற்றி மாணவிகள் கூட்டம். கழன்ற துண்டுகளை மறுபடி அடுக்கி, குச்சி செருகி, நரம்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். டொக்கு, டொக்கு, டொக்கு. ஒவ்வொரு தடவையும் கூச்சல், சிரிப்பு.

சிஸ்டர் வந்தார். என் ராக்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து எஞ்சின்களைப் பார்த்தார். நூலில் இழுத்த வரிகளை விரலால் தடவினார். குடைக்கம்பிக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். "இது பிரியுமா?"

"பிரியாது சிஸ்டர்."

"அப்ப அதுவே இருக்கட்டும்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "சிஸ்டர், அது தெர்மாகோல். சினிமாவுக்குச் செஞ்சது. அளவு சரியில்லை, பட்டை சரியில்லை, எதுவுமே சரியில்லை. இதுதான் அசல் மாதிரி."

"தெரியுதும்மா. ஆனா இதை வெச்சா, பிள்ளைங்க ஒரு தடவை சுத்தி வந்து பார்த்துட்டு, தொடக்கூடாதுன்னு நான் சொல்லுவேன், போயிடுவாங்க. அங்கே பாரு. எது முதல்ல, எது அப்புறம்னு அவங்களே சண்டை போட்டுக்கறாங்க. எனக்கு ஒரு மாசப் பாடம் மிச்சம்."

நான் பார்த்தேன். கேள்வி கேட்டு உட்காரவைக்கப்பட்ட அந்தப் பெண், இப்போது ராக்கெட்டை அடியிலிருந்து பிரியவைப்பது எப்படி என்று முனுசாமியை நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பன்னை வாயில் வைத்துக்கொண்டே குச்சியை இடம் மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தேளையாவது வெள்ளையடிச்சுக் கொடுத்துடறேன் சிஸ்டர்."

"வேண்டாம். விருச்சிகம்னு சொல்லிட்டேன். இப்ப அழிச்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

கொட்டகைக்குத் திரும்பி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "பார்த்தியா, நான் போட்ட எஸ் சரியாத்தான் இருந்திருக்கு."

மறுநாள் மத்தியானத்துக்குள் முனுசாமி வெடிக்கிற ராக்கெட் இன்னொன்று செய்து முடித்தார். இந்தத் தடவை தேள் தேள் மாதிரியே வந்தது. அவருக்கே ஆச்சரியம். என் ராக்கெட் முதலாளியின் அறைக்குப் போனது. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, தானே நூல் ஒட்டினதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். அதை உங்களிடம் மறைப்பானேன். உங்களுக்கும் இது நடக்கும். உயிரைக் கொடுத்துச் செய்ததை ஒருவர் வாயாரப் புகழ்ந்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற மட்டமானதை எடுத்துக்கொண்டு போவார். அவர் முட்டாள் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று ஆரம்பத்திலேயே நாம் கேட்டோமா என்று பாருங்கள். நான் சிஸ்டரிடம் உயரம் கேட்டேன், நிறம் கேட்டேன், பீடத்தின் அகலம்கூடக் கேட்டேன். பிள்ளைகள் அதைத் தொடுவார்களா என்று கேட்கவில்லை.

அந்தச் சினிமா ஒரு வருஷம் கழித்து அம்பத்தூரில் ஒரு தியேட்டருக்கு வந்தது. என் குளோசப்பைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. முனுசாமி குடும்பத்தோடு வந்தார், நானும் என் தங்கையும் போனோம். இடைவேளை தாண்டியும் ராக்கெட் வரவில்லை. வில்லன் சிரித்தார், ஹீரோ ஓடினார், மழையில் ஒரு பாட்டு வந்தது. கடைசியில் வந்தது. திரை முழுக்க என் ராக்கெட். நூலில் இழுத்த ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு எழுத்தும், அடியில் புகையும். நான் தங்கையின் கையைப் பிடித்து நசுக்கினேன்.

எங்களுக்கு முன்வரிசையில் ஒரு ஆள் பக்கத்து ஆளிடம் சொன்னான்: "மச்சான், பொம்மடா."

அடுத்த ஷாட். முனுசாமியின் தெர்மாகோல் துண்டு துண்டாகப் பிரிந்து, நெருப்பும் கறுப்புப் புகையுமாக வெடித்துச் சிதறியது. தியேட்டர் முழுக்க விசில். முன்வரிசை ஆள் எழுந்து நின்றே விசிலடித்தான்.

முனுசாமி பொறுக்கவில்லை. எனக்காகத்தான் பொறுக்கவில்லை என்று அப்போது நினைத்தேன். அவன் தோளைத் தட்டினார்.

"அண்ணாத்தே, இன்னா சொன்ன? பொம்மையா? அத்த செஞ்சது யாரு தெரியுமா? தோ, இவங்கதான்."

அந்த ஆள் இருட்டில் திரும்பி என்னைப் பார்த்தான். உடனே மரியாதை வந்துவிட்டது. "நீங்களாக்கா? சாரிக்கா. பொம்ம சூப்பரா கீதுக்கா." பிறகு சந்தேகம் வந்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அப்பால ஒண்ணு வெடிச்சுதே, அது மட்டும் நெஜம் ராக்கெட்டுதானேக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முனுசாமி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பின்ன?" என்றார்.

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் ரயிலில் நான் அவரோடு பேசவே இல்லை.